லைக் எத்தனை, விடை எத்தனை? மாஸ்டடான், புளூஸ்கை, நாஸ்டர் – ஓர் ஒப்பீடு

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘சார்’தான். ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில் தினமும் காலை 6 மணிக்கு ஒரு கணக்குப் புதிர் போடுவார். தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், வீட்டில் இருக்கும் அம்மாக்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று பலரும் விடை எழுதுவார்கள். இரவு 9 மணிக்குச் சார் சரியான விடையைச் சொல்வார். இப்படி 8 ஆண்டுகள் நடந்தது.

ஒரு நாள் காலை அவருடைய அக்கவுண்ட் முடக்கப்பட்டிருந்தது. காரணம் சொல்லப்படவில்லை. மேல்முறையீட்டுப் படிவத்தை மூன்று முறை நிரப்பினோம். மூன்று முறையும் தானியங்கிப் பதில்தான் வந்தது.

“புதிர் எல்லாம் நோட்டுல இருக்கு தம்பி. விடை சொன்னவங்கதான் போயிட்டாங்க. அவங்க பேரு கூட என்கிட்ட இல்ல” என்றார்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “யாரும் ஒரே ராத்திரில பூட்ட முடியாத இடம் ஏதோ இருக்காமே. அதுல எதுல ஆளுங்க பதில் சொல்வாங்க?”

பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்களைப் பற்றித்தான் அவர் கேட்டார். மாஸ்டடான், புளூஸ்கை, நாஸ்டர் ஆகிய மூன்றும் அவற்றில் அதிகம் பேசப்படுபவை. எதில் மக்கள் அதிகம் பங்கேற்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லிவிடலாம், ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். உட்கார்ந்து பார்த்த பிறகுதான், மூன்றின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது என்பது புரிந்தது. ஏன் முடியாது, அப்படியானால் நாம் எப்படி அளப்பது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

மூன்றும் எப்படி வேலை செய்கின்றன?

முதலில் மாஸ்டடான். ஜெர்மனியைச் சேர்ந்த யூஜென் ரோச்கோ 2016-ல் வெளியிட்டது. இது ஈமெயில் போன்றது. நீங்கள் ஒரு நிறுவனத்தின் ஈமெயிலும் நான் வேறொரு நிறுவனத்தின் ஈமெயிலும் வைத்திருந்தாலும் கடிதம் போய்ச் சேர்கிறதல்லவா? அதுபோல, ஆயிரக்கணக்கான சர்வர்கள் தனித்தனியாக, வெவ்வேறு ஆட்களால் நடத்தப்படுகின்றன. ஏதாவது ஒன்றில் அக்கவுண்ட் திறந்தால் மற்ற சர்வர்களில் உள்ளவர்களையும் ஃபாலோ செய்யலாம். இந்தச் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக் கொள்ளும் மொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதைப் பரிந்துரைத் தரமாக ஏற்றுக் கொண்டது.

அடுத்தது புளூஸ்கை. ட்விட்டர் நிறுவனத்துக்குள் 2019-ல் ஜாக் டோர்சி அறிவித்த திட்டமாகத் தொடங்கி, 2021-ல் தனி நிறுவனமானது. அழைப்பு இருந்தால்தான் சேரலாம் என்ற நிலை 2024 பிப்ரவரியில் நீங்கியது. இதில் உங்கள் பதிவுகள், லைக்குகள், ஃபாலோக்கள் எல்லாம் உங்கள் பெயரில் உள்ள ஒரு பெட்டகத்தில் சேமிக்கப்படுகின்றன. அந்தப் பெட்டகத்தை விரும்பினால் வேறு சர்வருக்கு மாற்றலாம். ஆனால் எல்லாப் பெட்டகங்களிலிருந்தும் பதிவுகளைத் திரட்டி உங்களுக்குத் திரையில் காட்டும் வேலையைப் பெரும்பாலோருக்கு அந்த நிறுவனத்தின் சர்வர்களே செய்கின்றன.

மூன்றாவது நாஸ்டர். 2020-ல் ஃபியட்ஜாஃப் என்ற புனைபெயர் கொண்ட புரோகிராமர் உருவாக்கியது. இதில் அக்கவுண்ட் என்பதே கிடையாது. உங்களுக்கு ஒரு ஜோடிச் சாவிகள் கிடைக்கும். ஒன்று எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுச் சாவி. மற்றது நீங்கள் மட்டும் வைத்திருக்க வேண்டிய ரகசியச் சாவி. நீங்கள் எழுதும் குறிப்பு ரகசியச் சாவியால் கையொப்பமிடப்பட்டு, ரிலே எனப்படும் பல சர்வர்களுக்கு அனுப்பப்படுகிறது. ஒரு ரிலே உங்களை மறுத்தால் இன்னொன்றுக்கு அனுப்பலாம்.

யாரை எண்ணுகிறார்கள்?

செய்திகளில் அடிக்கடி வருவது மொத்த அக்கவுண்ட் எண்ணிக்கை. புளூஸ்கையில் 2024 நவம்பர் 19 அன்று 2 கோடி, 2025 அக்டோபர் இறுதியில் 4 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் இந்த எண் ஏறுமே தவிர இறங்குவது அரிது. சேர்ந்த மறுநாளே மறந்து போனவரும் இதில் இருப்பார். ஊரில் எத்தனை பேருக்கு நூலக உறுப்பினர் அட்டை இருக்கிறது என்பதற்கும், நேற்று எத்தனை பேர் நூலகத்துக்கு வந்தார்கள் என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

சரி, மாதந்தோறும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்தால்? அங்கேதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது.

மாஸ்டடானில் ஒவ்வொரு சர்வரும் தன் மாத வருகையாளர் எண்ணிக்கையைத் தானே வெளியிடுகிறது. கடந்த 30 நாட்களில் யாரெல்லாம் தங்கள் அக்கவுண்டில் நுழைந்து பயன்படுத்தினார்கள் என்பதுதான் அது. ஒரு வரிகூட எழுதாமல் வெறுமனே படித்துவிட்டுப் போனவரும் இதில் ஓர் ஆள்.

புளூஸ்கையில் வெளியாட்கள் எண்ணும் முறை வேறு. அங்கே எழுதியது, லைக் செய்தது, ஃபாலோ செய்தது எல்லாம் பொதுவில் ஓடும் ஓர் ஓடையில் வந்து கொண்டே இருக்கும். யார் வேண்டுமானாலும் அந்த ஓடையைத் திறந்து எண்ணலாம். இன்று எத்தனை தனித்தனி ஆட்கள் லைக் செய்தார்கள், எத்தனை பேர் எழுதினார்கள் என்று துல்லியமாகச் சொல்லலாம். ஆனால் படிப்பது எந்தத் தடயத்தையும் விடுவதில்லை. எனவே படித்துவிட்டுப் போனவர் இந்த எண்ணிக்கையில் வரவே மாட்டார்.

நாஸ்டரில் எண்ணப்படுவது ஆட்கள் அல்ல, சாவிகள். ஒரே ஆள் ஒரு நிமிடத்தில் 100 சாவிகள் உருவாக்கலாம், செலவே இல்லை. விளம்பரக் குப்பை அனுப்பும் ரோபோக்கள் இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு ரிலேயும் தன்னிடம் வந்ததை மட்டுமே எண்ணும் என்பதால், மொத்தம் இவ்வளவு என்று சொல்ல ஒரு பொதுவான இடமும் இல்லை.

ஆக, ஒன்று வாசலுக்குள் வந்தவர்களை எண்ணுகிறது. ஒன்று வாய் திறந்தவர்களை எண்ணுகிறது. ஒன்று சாவிக் கொத்தை எண்ணுகிறது. இந்த மூன்றையும் ஒரே பட்டை வரைபடத்தில் போட்டு ‘எது முதலிடம்’ என்று கேட்டால் வரும் விடைக்கு அர்த்தம் இல்லை.

அலை வரும், போகும்

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தத் தளங்களுக்கு மக்கள் அலை அலையாக வருகிறார்கள். நம் நாட்டிலேயே 2019 நவம்பரில் ஓர் அலை வந்தது. ஒரு மூத்த வழக்கறிஞரின் ட்விட்டர் அக்கவுண்ட் முடக்கப்பட்டதை எதிர்த்து இந்தியர்கள் பலர் மாஸ்டடானில் சேர்ந்தார்கள். 2022 அக்டோபர் இறுதியில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோது இன்னும் பெரிய அலை. அந்த ஆண்டு இறுதியில் மாஸ்டடானின் மாத வருகையாளர்கள் 25 லட்சத்தைத் தொட்டார்கள். 2023 ஜனவரிக்குள்ளேயே அது 20 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

புளூஸ்கைக்கும் இதே கதைதான். 2024 ஆகஸ்ட் இறுதியில் பிரேசில் உச்ச நீதிமன்றம் எக்ஸ் தளத்தைத் தடை செய்தது. சில நாட்களில் 20 லட்சம் பேருக்கு மேல் புளூஸ்கையில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்ததும் அதைவிடப் பெரிய அலை. அந்த நவம்பரில் தினசரி லைக் செய்வோர் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டு, அடுத்து வந்த மாதங்களில் இறங்கியது. அக்கவுண்ட் எண்ணிக்கை மட்டும் ஏறிக் கொண்டே இருந்தது.

எனவே யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது எந்த மாதத்து எண் என்று கேளுங்கள். அலை உச்சியில் எடுத்த எண்ணை வைத்து வீடு மாற வேண்டாம்.

லைக் ஒன்றுதான், வேலை வேறு

மூன்றிலும் ஒரு பதிவுக்குக் கீழே இதயமோ நட்சத்திரமோ இருக்கும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அது செய்யும் வேலை வேறு வேறு.

மாஸ்டடானில் நட்சத்திரத்தை கிளிக் செய்தால், எழுதியவருக்கு ‘பிடித்தது’ என்று தகவல் போகும். அவ்வளவுதான். அதனால் அந்தப் பதிவு உங்கள் நண்பர்களின் முகப்புப் பக்கத்தில் மேலே ஏறாது. முகப்புப் பக்கம் நேர வரிசையில்தான் வரும். ஒரு பதிவு பரவ வேண்டுமானால் யாராவது பூஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும். எனவே அங்கே 10 நட்சத்திரத்தைவிட 1 பூஸ்ட் மேல்.

புளூஸ்கையில் ஃபாலோயிங் என்ற பக்கம் நேர வரிசை. டிஸ்கவர் என்ற பக்கம் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்துத் தருவது. அங்கே லைக் விழுந்த பதிவு முன்னே வர வாய்ப்பு அதிகம். இது தவிர, யார் வேண்டுமானாலும் ஒரு தலைப்புக்கென்று தனி ஃபீட் உருவாக்கலாம். ஆகவே உங்களை ஃபாலோ செய்யாத ஒருவரும் போகிற போக்கில் லைக் போட்டுவிட்டுப் போவார். லைக் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாஸ்டரில் லைக்கோடு ஜாப் என்று ஒன்று உண்டு. பிட்காயினின் மிகச் சிறிய பகுதியான சடோஷிகளை லைட்னிங் நெட்வொர்க் வழியாக அன்பளிப்பாக அனுப்புவது. பாராட்டோடு காசும் வருவதால் இதை மற்ற இரண்டின் லைக்கோடு சேர்த்து எண்ண முடியாது. கவனிக்க: நம் நாட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி உண்டு. சார் போன்றவர்களுக்கு இந்த வசதி தேவையில்லை என்று அதை இணைக்காமலே விட்டுவிட்டோம்.

எண்ணிக்கை எங்கே பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். மாஸ்டடானில் வேறு சர்வரில் உள்ள ஒருவருடைய பதிவை உங்கள் சர்வரில் பார்த்தால் 3 நட்சத்திரம் தெரியலாம். அதே பதிவை அவருடைய சர்வரில் போய்ப் பார்த்தால் 11 இருக்கும். காரணம் எளிது. நட்சத்திரம் பற்றிய தகவல் எழுதியவரின் சர்வருக்குத்தான் போகிறது, எல்லாச் சர்வருக்கும் அல்ல. பதில்களிலும் இப்படி விடுபடல் உண்டு. விடுபட்ட பதில்களைத் தேடிக் கொண்டுவரும் வசதி 2025-ல் வந்த 4.5 பதிப்பில் இருக்கிறது. நாஸ்டரிலும் உங்கள் ஆப் எந்த ரிலேக்களோடு இணைந்திருக்கிறதோ அவற்றில் இருப்பது மட்டுமே தெரியும். ஆப் மாற்றினால் எண்ணும் மாறும்.

புளூஸ்கையில் இந்தக் குழப்பம் மிகக் குறைவு. எங்கிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே எண் தெரியும். இதைப் பாராட்டும்போதே காரணத்தையும் நினைவில் வையுங்கள். திரட்டிக் காட்டும் வேலை பெரும்பாலும் ஒரே இடத்தில் நடப்பதால்தான் எண்கள் ஒத்துப் போகின்றன. எண்ணுவதற்கு எளிதாக இருப்பதும், முழுமையாகப் பரவலாக்கப்படாமல் இருப்பதும் அங்கே ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள்.

நீங்களே அளப்பது எப்படி?

உலகக் கணக்கை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது நம் பதிவுக்கு என்ன நடக்கிறது என்பதுதான். அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். எக்ஸெல் தெரிந்தவர்கள் அதிலும் செய்யலாம்.

1. மூன்று தளங்களிலும் அக்கவுண்ட் திறந்து, ஒரே பெயர், ஒரே படம், ஒரே அறிமுக வரிகளை வையுங்கள். மாஸ்டடானில் ஒரு சர்வரைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் ‘அபவுட்’ பக்கத்தைத் திறந்து, விதிமுறைகளைப் படியுங்கள். மாத வருகையாளர் எண்ணிக்கையும் அங்கே இருக்கும்.

2. ஒரே பதிவை மூன்றிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். நீளத்தைச் சிறிய தளத்துக்கு ஏற்ப வையுங்கள். புளூஸ்கையில் 300 எழுத்து, மாஸ்டடானில் வழக்கமாக 500. தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கி, கூ போன்ற உயிர்மெய்களைப் புளூஸ்கை ஒரே எழுத்தாகத்தான் எண்ணுகிறது.

3. ஹேஷ்டேக் மறக்க வேண்டாம். மாஸ்டடானில் ஹேஷ்டேக் இல்லாத பதிவை, உங்களை அறியாதவர் கண்டுபிடிப்பது கடினம். அங்கே ஒரு ஹேஷ்டேகையே ஃபாலோ செய்யும் வசதி இருக்கிறது. தமிழிலும் ஹேஷ்டேக் வைக்கலாம்.

4. நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள். ஒரு வாரக் கணக்கை நம்பாதீர்கள். யாரோ பிரபலமான ஒருவர் ஒரு பதிவைப் பரப்பிவிட்டால் அந்த வாரமே மாறிவிடும்.

5. ஒவ்வொரு பதிவுக்கும் மறுநாள் அதே நேரத்தில் எண்ணுங்கள். உங்கள் சொந்த அக்கவுண்டில் நுழைந்து பாருங்கள். நட்சத்திரத் தகவல் உங்கள் சர்வருக்கு வந்துவிடுவதால் உங்கள் பதிவின் கணக்கு அங்கேதான் சரியாக இருக்கும்.

6. நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: லைக், பரப்பியது, பதில், பதில் சொன்னவர் பெயர். நான்காவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

அந்த நான்காவது கட்டம் எதற்கு என்று ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு தளத்தில் உங்களுக்கு 1,000 ஃபாலோயர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒரு பதிவுக்கு 50 லைக், 2 பதில். இன்னொரு தளத்தில் 100 ஃபாலோயர்கள். 8 லைக், 5 பதில். வழக்கமாகச் செய்வதுபோல் எல்லாவற்றையும் கூட்டி ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுத்தால் முதல் தளத்தில் 5.2 சதவீதம், இரண்டாவதில் 13 சதவீதம். பதிலை மட்டும் எடுத்தால் 0.2 சதவீதம், 5 சதவீதம். வித்தியாசம் 25 மடங்கு. லைக்கை மட்டும் பார்த்தவர் முதல் தளம் சிறந்தது என்று முடிவு செய்திருப்பார்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஃபாலோயர் எண்ணிக்கையே நம்பத் தகுந்ததல்ல. புளூஸ்கையில் ஸ்டார்ட்டர் பேக் என்று ஒரு பட்டியல் வசதி 2024-ல் வந்தது. ஒரே கிளிக்கில் பட்டியலில் உள்ள அத்தனை பேரையும் ஃபாலோ செய்துவிடலாம். அப்படி வந்த ஃபாலோயர் உங்கள் பெயரைக்கூடப் படித்திருக்க மாட்டார். அதனால்தான் பெயரை எழுதச் சொல்கிறேன். முதல் வாரத்தில் பதில் சொன்னவர்களில் எத்தனை பேர் நான்காவது வாரத்திலும் பதில் சொன்னார்கள்? திரும்பி வந்தவர் எண்ணிக்கைதான் மூன்று தளத்துக்கும் ஒரே பொருள் தரும் ஒரே எண். சர்வர், ரிலே, அல்காரிதம் எதுவும் அதை மாற்றாது. மனிதன் வந்தால் வந்தான், இல்லையென்றால் இல்லை.

சார் செய்து பார்த்தது

இந்த நோட்டைச் சாரிடம் கொடுத்தேன். கணக்கு ஆசிரியர் அல்லவா, நான் போட்ட கட்டங்களை அழித்துவிட்டு ஸ்கேல் வைத்து நேராகப் போட்டார்.

முதல் நாள் போட்ட புதிர் பழைய தவளைக் கணக்கு. 30 அடி ஆழக் கிணறு. தவளை பகலில் 3 அடி ஏறும், இரவில் 2 அடி சறுக்கும். எத்தனையாவது நாள் வெளியே வரும்?

புளூஸ்கையில் முதலில் இதயங்கள்தான் வந்தன. சாருக்கு மகிழ்ச்சி. மாலையில் பார்த்தபோது இதயம் போட்டவர்களில் பெரும்பாலோர் விடை எழுதியிருக்கவில்லை. எழுதிய ஒருவர் “30” என்று மட்டும் போட்டிருந்தார். “எப்படி என்று சொல்லுங்களேன்” என்று சார் கேட்டதற்குப் பதில் இல்லை.

மாஸ்டடானில் நட்சத்திரம் மிகக் குறைவு. ஆனால் விடை சொன்னவர்கள் வழியையும் எழுதியிருந்தார்கள். அங்கே ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. கன்டென்ட் வார்னிங் என்ற வசதியை வைத்து விடையை மறைத்துவிடுவார்கள். கிளிக் செய்தால்தான் தெரியும். மற்றவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கட்டும் என்பதற்காக. ஒருவர் 30 என்றார். இன்னொருவர், 27 நாள் முடிவில் தவளை 27 அடியில் இருக்கும், 28-ஆவது நாள் 3 அடி ஏறியதும் வெளியே வந்துவிடும், பிறகு சறுக்க இடம் ஏது என்று எழுதினார். முதலாமவர் ஒத்துக் கொண்டு சிரிப்புப் பொம்மை போட்டார். சார் இதை மூன்று முறை படித்தார்.

நாஸ்டரில் தமிழில் விடை சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் “இது என்ன மொழி, அழகாக இருக்கிறது” என்று கேட்டவர் ஒருவர் வந்தார். சார் அவருக்குப் புதிரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அவர் தொடர்ந்து வந்தார்.

நான்கு வாரமும் ஏறக்குறைய இதே போக்குதான். புளூஸ்கையில் வந்தவர்கள் அதிகம், திரும்பியவர்கள் குறைவு. மாஸ்டடானில் வந்தவர்கள் குறைவு, வந்தவர்கள் திரும்பினார்கள். இது ஒரு சாரின், ஒரு வகைப் பதிவின் அனுபவம் மட்டும்தான். நீங்கள் சமையல் படம் போட்டால் தலைகீழாக வரலாம். கிரிக்கெட் போட்டி நடக்கும்போது எழுதுபவருக்கு விரைவாகப் பரவும் இடம்தான் வேண்டும். செய்தி இணைப்புகளைப் பகிர்பவருக்கும் அப்படித்தான். அதனால்தான் என் முடிவைச் சொல்லாமல் அளக்கும் முறையைச் சொன்னேன்.

ஒரு சின்ன மாற்றம் மட்டும் பலன் தந்தது. மாஸ்டடானில் பலர் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். ஜெர்மனி நேரம் நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி பின்னால். சாரின் காலை 6 மணிப் பதிவு அங்கே நள்ளிரவில் போய் விழுந்தது. நேர வரிசைதான் என்பதால் அவர்கள் எழும்போது அது கீழே போயிருக்கும். பிற்பகல் 2 மணிக்கு மாற்றியதும் பதில்கள் கூடின.

பூட்டு யார் கையில்?

சாரின் கேள்வியில் இன்னொரு பாதி இருந்தது. யாரும் பூட்ட முடியாத இடம் எது? இதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

மாஸ்டடானில் சர்வரை நடத்துபவர் உங்களை முடக்கலாம். சர்வரே மூடப்படலாம். முன்கூட்டியே வேறு சர்வருக்கு மாறினால் உங்கள் ஃபாலோயர்கள் கூடவே வருவார்கள். பழைய பதிவுகள் வராது. ஆனால் பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே மாற வேண்டும். கதவு சாத்திய பிறகு சாமான் எடுக்க முடியாது.

புளூஸ்கையில் பதிவுகளோடு சேர்த்தே பெட்டகத்தை மாற்ற முடியும். சாதாரணப் பயனாளருக்கு அது இன்னும் கொஞ்சம் டெக்னிக்கலான வேலை. நிறுவனம் தன் ஆப்பில் உங்களைக் காட்டாமல் விடவும் முடியும்.

நாஸ்டரில் உங்களை முற்றிலும் பூட்ட யாராலும் முடியாது. அதே சமயம் ரகசியச் சாவி தொலைந்தால் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்று கேட்க அலுவலகம் எதுவும் இல்லை. திருடு போனாலும் அதே கதிதான். காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

எந்தத் தளமானாலும் மாதம் ஒருமுறை பேக்கப் எடுங்கள். மாஸ்டடானில் ப்ரிஃபரன்சஸ் பகுதியில் ‘இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்’ என்பதைத் திறந்து உங்கள் பதிவுகளின் தொகுப்பைக் கேட்கலாம். 7 நாளுக்கு ஒருமுறை தருவார்கள். புளூஸ்கையில் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதியில் ‘எக்ஸ்போர்ட் மை டேட்டா’ இருக்கிறது.

இரண்டு தளத்தையும் இணைக்கப் பிரிட்ஜி ஃபெட் என்ற இலவசப் பாலம் இருக்கிறது. மாஸ்டடானில் எழுதியது புளூஸ்கையிலும் தெரியும். ஒரு நிபந்தனை: அந்தப் பக்கத்தில் பதில் சொல்பவரும் பாலத்துக்கு அனுமதி தந்திருந்தால்தான் அவர் பதில் பதிவாக இந்தப் பக்கம் வரும். அறிவிப்புப் போடுபவருக்கு இது போதும். விடைக்காகக் காத்திருப்பவருக்குப் போதாது. அதனால் சாருக்கு இரண்டிலும் தனித்தனி அக்கவுண்டாகவே வைத்துவிட்டோம்.

இப்போது சார் மாஸ்டடானைத் தன் வீடாகவும், புளூஸ்கையைக் கடைத்தெருவாகவும் வைத்திருக்கிறார். புளூஸ்கையில் புதியவர்களைச் சந்திக்கிறார். நாஸ்டர் நண்பருக்கு வாரம் ஒரு புதிர் ஆங்கிலத்தில் போகிறது. பழைய தளத்தில் இருந்த கூட்டம் இங்கே இல்லை. அதைச் சார் மறைப்பதில்லை, நானும் மறைக்க மாட்டேன். தமிழில் எழுதுபவர்கள் இந்த மூன்றிலும் இன்னும் கொஞ்சம் பேர்தான்.

ஆனால் நோட்டின் நான்காவது கட்டத்தைச் சார் நான்கு வாரத்தோடு நிறுத்தவில்லை. விடை சொன்ன ஒவ்வொருவர் பெயரும், அவருடைய முழு முகவரியும் தேதி வாரியாக அதில் ஏறுகிறது. போன வாரம் போனபோது காட்டினார். பழைய தளத்தில் தினமும் விடை எழுதிய ஓர் அம்மாவின் பெயர் புதிதாக ஏறியிருந்தது. மாஸ்டடானில் தமிழ் ஹேஷ்டேகில் தேடும்போது தவளைக் கணக்கைப் பார்த்து, இது சாரின் கணக்குதான் என்று கண்டுபிடித்து வந்தாராம்.

“பேரை எழுதிட்டேன் தம்பி. இனி எது பூட்டினாலும் நானே தேடிப் போவேன்” என்றார்.

நீங்களும் ஒரு நோட்டை எடுங்கள். நான்கு கட்டம் போடுங்கள். நான்கு வாரம் கழித்து உங்களுக்கு எந்த இடம் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.